ஏழாவது குறிப்பு

மே 15, திங்கள்

மரியசிங்கம், வயது 34, நேற்று மதியம் 3.20 மணிக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது உயிர் இல்லை. ஆதாரம்: அவசரப் பிரிவுப் பதிவேடு. நானே படித்தேன். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் 'கிளைச் சிறை வார்டர் வெள்ளத்துரை, ஆட்டோவில்' என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு உயிர் பிரிந்தது என்பதை உடற்கூறாய்வுக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

இறந்தவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டில் நடந்த ஓர் அடிதடியில் கைதாகி, ஏப்ரல் 26 அன்று எங்கள் செவ்வந்திகுளம் கிளைச் சிறைக்கு ரிமாண்டில் வந்தார். சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு நோய் உண்டு.

'எங்கள்' என்று எழுதிவிட்டேன். நான் அந்தச் சிறையின் அலுவல் சாராப் பார்வையாளர். முப்பத்தெட்டு வருடம் பத்திரிகையில் செய்தியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கம் கொடுத்த பொறுப்பு இது. எந்த நேரமும் சொல்லாமல் போகலாம், பார்க்கலாம், பார்வையாளர் புத்தகத்தில் குறிப்பு எழுதலாம். கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடும். என் காலம் ஆகஸ்ட் 31 வரை.

மருத்துவமனை வாசலில் வெள்ளத்துரை நேற்றைய சீருடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டீரா?" என்றேன்.

"அத விடுங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதிலச் சொல்ல?"

பிணவறை ஓரத்தில் இறந்தவரின் மனைவி ரோஸ்லின் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குவாளி. நேற்று மாலை கணவருக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவருக்குச் சிறை வாசலில் வைத்துத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை.

மனைவி கோமுவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். சொட்டு மருந்து முதல் வாரம் தினம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, இப்படிக் குறைந்துகொண்டே வரும். நான்தான் ஊற்றுகிறேன். இன்று ஒரு வேளை இருபது நிமிடம் தாமதம்.

மே 16, செவ்வாய்

இறப்பு மதியம் 1.30-க்கும் 2.30-க்கும் இடையில். மூச்சுத் திணறல். உடலில் காயம் இல்லை. ஆதாரம்: உடற்கூறாய்வு செய்த மருத்துவர், வாய்மொழியாக. எழுத்தில் வரவில்லை.

வெள்ளத்துரை தற்காலிகப் பணி நீக்கம். ஆதாரம்: உத்தரவின் நகல். காரணம் இரண்டு வரி: மதிய அடைப்பு நேரத்தில் கேட்டில் பணியில் இருந்த அவர் உறங்கிவிட்டதால், கைதியின் குரலைக் கேட்கத் தவறினார்.

மதிய அடைப்பு என்பது சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு மணிக்குக் கைதிகளை அறைகளில் விட்டுப் பூட்டுவது. மூன்று மணிக்குத் திறப்பார்கள்.

வெள்ளத்துரைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பணியில் தூங்குகிற ஆள் இல்லை. ஆனால் 'எனக்குத் தெரிந்து' என்பது ஆதாரம் ஆகாது.

நீதித்துறை நடுவர் விசாரிப்பார். பார்வையாளர் என்ற முறையில் என்னையும் கூப்பிடக்கூடும்.

மே 17, புதன்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருகிறானாம். ரோஸ்லின் உடலை வாங்கிக்கொண்டார்.

மே 19, வெள்ளி

சொட்டு மருந்து இன்றிலிருந்து ஐந்து வேளை.

சிறைக்குப் போனேன். வாசல் கேட்டிலிருந்து உள் வராந்தாவின் கடைசி அறைவரை நடந்து வாய்விட்டு எண்ணினேன். எழுபத்திரண்டு எட்டு வைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு முற்றம், ஓர் இரும்புக் கதவு. மரியசிங்கம் இருந்தது கடைசி அறையில். அவர் வாயில் வைத்து அழுத்தி மூச்சிழுக்கும் மருந்துக் குழாய் கேட் அறை மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது. மருந்து எதையும் அறைக்குள் கொடுப்பதில்லை.

வார்டர் பணியிடங்கள் பதினொன்று. காலி நான்கு. மாற்றுப் பணி என்று வெளியூருக்கு அனுப்பப்பட்டவர்கள் மூன்று பேர். மீதி நான்கு பேர். அந்த நான்கு பேரும் இரவு, பகல், வார விடுப்பு எல்லாவற்றையும் பங்கிட வேண்டும். ஞாயிறு மதியம் இரண்டு பேர் பணியில். ஒருவர் வயிற்றுப்போக்கு வந்த கைதி ஒருவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை வெள்ளத்துரை தனியாக. கேட்டில் நிற்பவர் கேட்டை விட்டு நகரக் கூடாது. உள்ளே முப்பத்தேழு பேர். ஆதாரம்: பணிப் பதிவேடு.

உதவிச் சிறை அலுவலர் நல்லதம்பியை எல்லோரும் ஜெயிலர் என்பார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. டீ வரவழைத்தார். பார்வையாளர் புத்தகத்தை அவரே எடுத்து என் முன்னால் விரித்தார்.

கடைசியாக நான் எழுதியது ஏப்ரல் 19. ஒன்பது குறிப்புகள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று ஒரு பத்தி. முதல் குறிப்பு, காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்: 'மேலிடத்துக்கு எழுதப்பட்டது'. இரண்டாவது, மாற்றுப் பணிக்குப் போன மூவரைத் திரும்ப அழைக்க வேண்டும்: 'மேலிடத்துக்கு எழுதப்பட்டது'. மூன்றாவது, கழிப்பறைக் கதவுகள்: 'பொதுப்பணித் துறைக்கு எழுதப்பட்டது'. இப்படி எட்டு. ஒன்றின் எதிரில் மட்டும் பச்சை மையில் 'சரி செய்யப்பட்டது' என்று, அன்றைய தேதியே போட்டு.

"நீங்க எழுதுனா நாங்க மதிக்காம இருப்போமா சார்? ஏழாவதப் பாருங்க. நீங்க வண்டிய எடுத்துத் தெருமுக்கு திரும்புறதுக்குள்ள சரி பண்ணிட்டேன்."

ஏழாவது குறிப்பு ஒரு சின்ன விஷயம். இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மே 22, திங்கள்

சிறையில் பொன்னுலிங்கம் என்ற ரிமாண்ட் கைதியிடம் பேசினேன். ஐம்பத்திரண்டு வயது. வரப்புத் தகராறு வழக்கு. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒன்பது மாதமாக உள்ளே இருக்கிறார். வேப்பமரத்தடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வார்டர் தள்ளி நின்றார்.

"வெள்ளத்துரை தூங்கினாரா?"

"தூங்கவா? அந்த மனுசனா? நின்னுக்கிட்டே இருப்பாரு அண்ணாச்சி, நாற்காலியில உக்காந்தா வேட்டி கசங்கிரும்னு நெனைக்க மாப்பிள்ள மாதிரி."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"எப்படிக் கேக்கும்? பக்கத்து மண்டபத்துல சடங்கு. ரேடியோ செட்டு ஸ்பீக்கர நம்ம செவரப் பாத்துல்லா கட்டியிருந்தாவ. இரும்புக் கதவும் பூட்டிக் கெடந்துச்சு. தட்டு கிட்டு இருந்தா கம்பியில அடிக்கலாம். சாப்பிட்டதும் தட்ட எல்லாம் வெளிய வாங்கிருவாவ. வெறுங்கையால எவ்வளவுதான் அடிக்க? அஞ்சு ரூம்பும் கத்துனோம்."

"எவ்வளவு நேரம்?"

"கடிகாரம் ஏது? பாட்டு கணக்குதான். ஒம்பது பாட்டு. ஆறாவது பாட்டுல மரியசிங்கம் கையக் காட்டுனான், போதும் விடுங்கங்கிற மாதிரி. மத்தவனுவ நிறுத்தல."

பிறகு அவர் சொன்னதையும் எழுதியாக வேண்டும்.

ஏப்ரல் 19 வரை மதிய அடைப்பின்போது ஒரு கைதியை மட்டும் பூட்டாமல் வராந்தாவில் உட்கார வைப்பது வழக்கம். அவரிடம் ஒரு தட்டும் கரண்டியும் இருக்கும். தட்டுக்காரர் என்று பெயர். உள்ளே யாருக்கு என்ன என்றாலும் அவர் தட்டுவார். ஒரு அடி என்றால் தண்ணீர். இரண்டு என்றால் சண்டை. நிறுத்தாமல் அடித்தால் நோய். இரும்புக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள், சத்தம் வாசல் கேட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. கேட்டில் இருப்பவர் வாசலைப் பூட்டிவிட்டு ஓடிவருவார். ஆள் இல்லாத சிறையில் ஆளுக்குப் பதிலாக ஒரு தட்டு.

"எனக்கு முன்ன ஒரு டெய்லரு. அவருக்கு முன்ன ஒரு வாத்தியாரு. ரொம்ப வருசமா நடக்கு. அப்புறம் ஏழு மாசம் நான் பாத்தேன்."

ஏழாவது குறிப்பு இதுதான்: 'மதிய அடைப்பு நேரமான 1.10-க்கு, ரிமாண்ட் கைதி பொன்னுலிங்கம் அறைக்கு வெளியே வராந்தாவில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கக் கண்டேன். விதிக்கு முரணானது. தனி நபருக்குச் சலுகை கூடாது.'

பொன்னுலிங்கம் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஏன் இங்ஙன இருக்கன்னு ஒரு வார்த்த கேப்பீயன்னு வாயத் தொறந்தேன். நீங்க எழுதிக்கிட்டே போயிட்டீய. நல்லா ஓடுது அண்ணாச்சி ஒங்க பேனா."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை.

மே 24, புதன்

கண்ணை மூடிப் படுத்திருந்த கோமு, டம்ளரில் கரண்டியால் தட்டிக் கூப்பிட்டாள். தண்ணீர் வேண்டுமாம். கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிமேல் அப்படித் தட்ட வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன்.

"கல்யாணமாகி நாப்பது வருசம் கழிச்சு ஒங்க பேரச் சொல்லவா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை என்பது அவளுக்குக் கண்ணை மூடியிருந்தும் தெரிந்துவிட்டது.

மே 25, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது.

மே 27, சனி

வெள்ளத்துரை வீட்டுக்கு வந்தார். சாதாரண சட்டையில் அவரை நான் பார்த்ததே இல்லை. ஆள் சின்னதாகத் தெரிந்தார். கோமு உள்ளிருந்து "யாரு, வெள்ளத்துரைத் தம்பியா? காப்பி குடிக்காமப் போகக் கூடாது" என்று குரல் கொடுத்தாள்.

நான்தான் காப்பி போட்டேன். ஆறவிட்டுக் குடித்தார்.

"அண்ணாச்சி, நடுவர் ஒங்களக் கூப்பிடுவாவ. தட்டுக்காரர் விசயத்தச் சொல்லிராதீய."

"நீர் தூங்கவில்லை என்று காட்ட அது ஒன்றுதானே இருக்கிறது?"

"தூங்குனேன்னே இருக்கட்டும். ஒத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு. வயசான ஆளு, வெயிலு, அசந்துட்டான்னு ரெண்டு இன்கிரிமெண்ட வெட்டி விட்டுருவாவ. ரிமாண்ட் கைதியப் பூட்டாம வெளிய விட்டேன்னு வந்துச்சுன்னா வேலையே போயிரும். எட்டு வருசமா விட்டிருக்கேன். ஜெயிலர் ஐயாவும் அதத்தான் சொல்லுதாரு."

"அவருக்கும் தெரிந்துதானே நடந்தது?"

"எல்லாருக்கும் தெரியும். எழுத்துல யாருக்கும் தெரியாது."

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?"

டம்ளரைக் கீழே வைத்தார். "மக கோயம்புத்தூர்ல நர்சா இருக்காள்லா. போன் பண்ணுனா. தூங்கிட்டீயளாப்பான்னு ஒரே ஒரு வார்த்த. ஆமான்னேன். அதுக்கப்புறம் போன எடுக்க மாட்டேங்கா."

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதுனது சரிதான் அண்ணாச்சி. விதிப்படி தப்புதான அது. ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

பேசாமல் இருந்தால் வெள்ளத்துரைக்கு நல்லது. ஜெயிலருக்கு நல்லது. மேலிடத்துக்கு மிக நல்லது: ஒரு கிழவர் தூங்கினார், ஒருவர் செத்தார், காலிப் பணியிடம் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பட்டியலில் இன்னொருவரும் உண்டு. காப்பி டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

மே 30, செவ்வாய்

சம்மன் வந்தது. ஜூன் 14, காலை 10.30.

ஜூன் 2, வெள்ளி

சொட்டு மருந்து மூன்று வேளை. கோமு கறுப்புக் கண்ணாடியோடு அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

சிறையில் பழைய பார்வையாளர் புத்தகங்களைக் கேட்டேன். நல்லதம்பி சாவி இல்லை என்றார். காத்திருக்கிறேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவி கிடைத்தது. பார்வையாளருக்கு எந்தப் பதிவேட்டையும் காட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

மூன்று புத்தகங்கள், கரையான் விளிம்பு தின்றவை. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் அப்போது ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார்: 'அடைப்பு நேரத்தில் ஒரு கைதி தட்டுடன் வராந்தாவில் அமர்த்தப்பட்டுள்ளார். காரணம் விசாரித்தேன். ஆள் பற்றாக்குறையால் நோயாளிகளுக்கு உதவி அழைக்கும் ஏற்பாடு என்று தெரிவித்தனர். நிரந்தர மணி அமைக்கும்வரை தொடரலாம்.' கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறது.

'தொடரலாம்.' வெள்ளத்துரையின் வேலையைக் காப்பாற்ற இந்த ஒரு சொல் போதும் என்று நினைக்கிறேன். அவர் தானாக எதையும் செய்யவில்லை. அனுமதித்ததைத்தான் செய்தார்.

அதற்கு முன்னால் இருந்த இரண்டு சொல்லைத்தான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். 'காரணம் விசாரித்தேன்.' முப்பத்தெட்டு வருடம் அதைச் செய்துதான் சம்பளம் வாங்கினேன்.

பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, திங்கள்

பார்வையாளர் குழுக் கூட்டம், கலெக்டர் அலுவலகம். ஏழு பேர் வர வேண்டும், வந்தது ஐந்து. பொருள் எண் நான்கு: கிளைச் சிறை மரணம். இரங்கல் தெரிவிக்கப்பட்டது. விசாரணை நிலுவையில் இருப்பதால் விவாதம் வேண்டாம் என்று முடிவானது. பொருள் எண் ஐந்து: காலிப் பணியிடங்கள். இரண்டு வார்டர்கள் ஜூன் இறுதிக்குள் அனுப்பப்படுவார்கள் என்று சிறைத் துறை சார்பில் வந்தவர் சொன்னார். எழுத்தில் கேட்டேன். கூட்டக் குறிப்பில் வரும் என்றார். முந்திரி பக்கோடா கொடுத்தார்கள்.

ஜூன் 9, வெள்ளி

சொட்டு இரண்டு வேளை.

ரோஸ்லின் வீட்டைத் தேடிப் போனேன். கீழத்தெருக் கடைசியில் ஓட்டு வீடு. லோடு ஆட்டோ வாசலில் நிற்கிறது. முன் கண்ணாடியில் இரண்டு பெண் குழந்தைகளின் பெயர். சின்னவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் அவளை அதட்டவில்லை.

"நீங்க பேப்பர்காரரா, ஜெயில்காரரா சார்?"

"பேப்பரில் இருந்தேன். இப்போது சிறைக்குப் பார்வையாளர்."

"என்னத்தப் பாப்பீய?"

கேள்வியாகத்தான் கேட்டார். குத்தலாக இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் தெரியணும். அவரு கூப்பிட்டிருப்பாவ. சும்மா கெடக்குற ஆளு இல்ல. வீட்ல இழுப்பு வந்தா கட்டில்ல தட்டுவாவ, நான் எந்திருச்சு ஓடுவேன். அங்ஙன கூப்பிட்டது யாருக்குமே கேக்கலையா, இல்ல கேட்டும் வரலையா? கேட்டும் வரலைன்னா இந்தப் பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லி வளக்க?"

"கேட்கவில்லை அம்மா. கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள்."

"எப்படிச் சொல்லுதீய?"

"கேட்கிறதுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்திவிட்டார்கள்."

"யாரு நிறுத்துனா?"

வெளியே ஹாரன். சின்னவள் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதியதால் நிறுத்தினார்கள்" என்றேன்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய்ப் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கினார். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல்தான் சாத்தினார்.

ஜூன் 13, செவ்வாய்

கோமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் கேக்கல? நீங்க பூக்காரிக்கிட்டகூட ஏன் இன்னைக்கு லேட்டுன்னு நாலு கேள்வி கேப்பீயளே."

"மணி ஒன்று பத்து. நீ கூட்டாஞ்சோறு பண்ணியிருப்பதாகச் சொல்லியிருந்தாய். சூடாகச் சாப்பிட வேண்டும் என்று இருந்தது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து மீதியையும் நறுக்கினாள்.

"போய் அதையும் சொல்லிருங்க" என்றாள்.

ஜூன் 14, புதன்

வாக்குமூலம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். மூன்று ஆவணங்கள் கொடுத்தேன்: என் ஒன்பது குறிப்புகளின் நகல், ஏழு வருடத்துக்கு முந்தைய பக்கம், மே 14 பணிப் பதிவேட்டின் நகல்.

நடுவர் இளம்பெண். தட்டச்சு செய்பவர் முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போனார்.

"அவர் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்தீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

சொன்னேன். கூட்டாஞ்சோறு என்ற சொல்லை எழுதவா என்று தட்டச்சு செய்பவர் தலையைத் தூக்கினார். எழுதுங்கள் என்றார் நடுவர்.

வெளியே வந்தபோது வெள்ளத்துரை வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய முறை என்னுடையதற்குப் பிறகு. நான் என்ன சொன்னேன் என்பது அதற்குள் அவருக்கு எட்டிவிட்டது.

"சொல்லாதீயன்னேனே அண்ணாச்சி." குரல் உயரவில்லை. "என் வேலைக்கு உத்தரவாதம் நீங்களா குடுப்பீய?"

"அனுமதித்த குறிப்பு இருக்கிறது. அதையும் கொடுத்திருக்கிறேன்."

"அது ஏழு வருசத்துக்கு முன்ன உள்ள கையெழுத்து. அவரு இப்ப எங்க இருக்காரோ." சம்மனை மடித்துப் பையில் வைத்தார். "இப்ப உள்ள போனா நான் என்ன சொல்லணும்? தூங்குனேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்லா."

"நடந்ததைச் சொல்லும்."

உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார்.

"இது பேப்பர்ல வருமா அண்ணாச்சி? நான் தூங்கலங்கிறது?"

"வரும்."

"கோயம்புத்தூர்ப் பதிப்புலயும் வருமா?"

பழைய அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மாநிலச் செய்திப் பக்கத்தில் போட்டால் வரும் என்றார்கள். இடம் இருந்தால்.

ஜூன் 15, வியாழன்

வந்திருக்கிறது. எட்டாம் பக்கம், கீழே, ஒன்பது வரி. 'தூங்கவில்லை: வார்டர் வாக்குமூலம்'. என் பெயரும் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை.

ஜூன் 17, சனி

சொட்டு மருந்து நேற்றிலிருந்து ஒரு வேளை. கோமு செய்தித்தாளின் தலைப்புகளைத் தானே படித்தாள்.

வெள்ளத்துரையின் மகள் பேசினாளா என்பது தெரியவில்லை. கேட்கவில்லை. அது நான் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

பதினொன்றே முக்காலுக்குச் சிறைக்குப் போனேன். நேற்றும் போனேன், அதற்கு முந்தைய நாளும். பார்வையாளர் எந்த நேரமும் வரலாம் என்று விதியில் இருக்கிறது. எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று இல்லை. நல்லதம்பி முதல் நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், இரண்டாம் நாள் மேலிடத்துக்குப் போன் செய்தார், இன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். வராந்தாவில், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில். கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்குப் பூட்டினார்கள். இன்று முப்பத்தொன்பது பேர். கேட்டில் ஒரே வார்டர். பொன்னுலிங்கம் இரண்டாம் அறைக் கம்பிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தட்டு வேணுமா?"

"வேண்டாம். நான் நடந்துபோய்ச் சொல்வேன்."

"எழுவத்திரெண்டு எட்டுல்லா? ஒங்க முட்டிக்கு அது எப்பப் போய்ச் சேர? தட்டே வச்சுக்கிடுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கடைசி அறையில் யாரும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் அடுக்கியிருந்ததில் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டேன். 1.10-க்கு மூன்றாம் அறையில் தண்ணீர் கேட்டார்கள். ஒரு முறை தட்டினேன். முற்றத்தைத் தாண்டிச் செருப்புச் சத்தம் வந்தது.

நிலுவையில் இருப்பவை:

நடுவரின் அறிக்கை. ஜூலை 10-க்குள் என்று நீதிமன்ற எழுத்தர் சொன்னார்.

வெள்ளத்துரை மீதான துறை நடவடிக்கை. அறிக்கை வந்த பிறகு.

வராந்தாவுக்கு அழைப்பு மணி. ஒப்பந்தப் புள்ளி கோரியிருக்கிறார்கள், தேதி இல்லை.

இரண்டு வார்டர்கள். ஜூன் 30-க்குள். ஆதாரம்: கூட்டக் குறிப்பு, பொருள் எண் ஐந்து. அதற்கு இன்னும் பதின்மூன்று மதியம் இருக்கிறது. அவர்கள் வராவிட்டால் என் காலம் முடிய எழுபத்தைந்து.

ரோஸ்லின் கேட்டதற்கு நான் சொன்ன பதில். அதற்கு அவர் என்ன சொல்வார் என்பதற்குத் தேதி இல்லை.

நாளை ஞாயிறு. மண்டபத்தில் ஒரு வீட்டு விசேஷம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டைப் பதினொரு மணிக்கே போடச் சொல்லிக் கோமுவிடம் சொல்லியிருக்கிறேன்.